அக்கரையில் இருக்கும் உயர்தரம்

இலங்கையில் ஓர் அரச பாடசாலையின் பெயரைக் கேட்டவர் அடுத்துக் கேட்க வேண்டியது அதன் வகையை. வகைகள் நான்கு. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வரை நடத்துபவை 1ஏபி. உயர்தரம் இருந்தும் கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நின்றுவிடுபவை 1சி. தரம் 11 வரை, அதாவது சாதாரண தரப் பரீட்சை வரை, கற்பிப்பவை வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு அல்லது தரம் 8 உடன் முடிந்துவிடுபவை வகை 3. நாட்டில் அரச பாடசாலைகள் 10,000க்கு மேல் உள்ளன. 1ஏபி வகையில் அடங்குபவை ஏறத்தாழ ஆயிரம். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர நினைக்கும் பிள்ளைக்குப் பத்துப் பாடசாலைகளில் ஒன்றில்தான் கதவு திறந்திருக்கிறது. அந்த ஒன்று எங்கே இருக்கிறது, அங்கே போய்ச் சேர வழி எது, அந்த வழியில் யார் போகிறார்கள், யார் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்தால் ஓர் உயர்நிலைப் பாடசாலையின் மாணவர் கூட்டம் எப்படி உருவாகிறது என்பது விளங்கும்.

திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் இந்தக் கேள்விகளுக்குத் தண்ணீர்தான் முதலில் பதில் சொல்கிறது. கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் ஒட்டிக் கிடக்கும் கிண்ணியாப் பிரதேசம் கழிகளாலும் ஆற்று முகங்களாலும் துண்டுபட்ட நிலம். கிண்ணியா மத்திய கல்லூரி, அல் அக்ஸா கல்லூரி, முஸ்லிம் மகளிர் கல்லூரி எனப் பெயர் பெற்ற உயர்நிலைப் பாடசாலைகள் நகரப் பக்கத்தில் இருக்கின்றன. நீருக்கு அக்கரையில் குறிஞ்சாக்கேணி. அதற்கும் அப்பால் சூரங்கல், காக்காமுனை முதலிய விவசாயக் கிராமங்கள். கல்வி நிருவாகத்தில் குறிஞ்சாக்கேணி கிண்ணியா வலயத்துக்குள் தனிக் கோட்டமாகவே இருக்கிறது. அந்தக் கோட்டத்தில் பாடசாலைகளும் அதிபர்களும் ஆசிரியர்களும் உண்டு. ஆனாலும் பிள்ளை சற்றுக் கெட்டிக்காரப் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எழும் பேச்சு, "கிண்ணியாவுக்கு அனுப்புவதா?" என்பதுதான்.

இங்குள்ள மாணவர் யார்? ஏறக்குறைய அனைவரும் தமிழ் வழியில் கற்கும் முஸ்லிம் பிள்ளைகள். நெல் விவசாயமும் மீன்பிடியும் கூலி வேலையும் சிறு வியாபாரமும் இப்பகுதிக் குடும்பங்களின் பிழைப்பு. தகப்பனோ தாயோ சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்ய, உம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் பலர். பாடசாலை நாட்காட்டியும் இந்த வாழ்வுக்கு ஏற்றபடி அமைந்தது. இலங்கையில் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை விடுமுறை நோன்பு மாதத்தை ஒட்டி வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு கலையும். குர்ஆன் மதரஸா, பாடசாலை, தனியார் வகுப்பு என ஒரு பிள்ளையின் பகல் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. தனியார் வகுப்புகளில் பேர் போனவை நகரத்தில்தான் நடக்கும் என்பதால் மாலையிலும் ஒரு முறை நீரைக் கடக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் திருகோணமலை. சந்தையில், துறைமுகத்தில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் மூவரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். வகுப்பறையில் மட்டும் அப்படி இல்லை. அரச பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து நிற்பதால் ஒரு கிண்ணியாப் பிள்ளை தரம் 1 முதல் 13 வரை தன் சமூகத்துப் பிள்ளைகளோடு மட்டுமே வாங்கில் அமர்கிறது. மூதூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் அண்டை ஊர்களின் பாடசாலைகளில் தங்கியிருந்த நாட்களைப் பார்த்த பிரதேசம் இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியா ஆஸ்பத்திரியையே அழித்தது. அனர்த்தம் வந்தால் பாடசாலைதான் அகதி முகாம். அந்த முகாம் கலையும்வரை படிப்புக்குத்தான் விடுமுறை. யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை வளர்ந்த பின்னும் அந்த இடைவெளிகளின் சுவடு பெற்றோரிடம் இருக்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற தாய்மாரும் தகப்பன்மாரும்தான் இன்று பிள்ளையின் உயர்தரப் பிரிவைத் தேர்ந்து கொடுக்க வேண்டியவர்கள்.

இந்தப் பாடசாலைப் பாகுபாடு எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் அமைந்ததிலிருந்து இலங்கையில் உதவி பெறும் பாடசாலை என்னும் முறை வேரூன்றியது. மிஷனோ சபையோ பாடசாலையை நடத்தும். அரசு மானியம் கொடுக்கும். பரிசோதகர் வந்து பார்த்துப் போவார். கட்டடம், அதிபர் நியமனம், ஒழுங்கு, சமயச் சூழல் எல்லாம் முகாமையாளரின் கையில். ஏற்கனவே உள்ள பாடசாலைக்கு அருகில் இன்னொன்றுக்கு மானியம் இல்லை என்ற தூர விதி ஒன்றும் இருந்தது. முந்தி வந்த கிறிஸ்தவ மிஷன்களுக்கு அது கோட்டை மதிலாகவும், பிந்தி வந்த பௌத்த, சைவ, முஸ்லிம் முயற்சிகளுக்குத் தடையாகவும் ஆயிற்று.

அந்த முறையின் நல்ல முகத்தையும் திருகோணமலையிலேயே காணலாம். 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. காரைதீவில் பிறந்து துறவு பூண்ட சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மிஷன் பாடசாலைகளை முகாமை செய்தார். விஞ்ஞானமும் தமிழும் ஒருசேரக் கற்ற அவர், கிழக்கின் பின்தங்கிய கிராமங்களிலும் பாடசாலை இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அரசின் பணம், சமூகத்தின் முகாமை, பிள்ளைகளுக்கு முழுக் கல்வி என்ற ஏற்பாடு, நல்ல கைகளில் இருந்தபோது, என்ன செய்யும் என்பதற்கு அது சான்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்ற பெயரின் முன்னெழுத்துகளில் மட்டும் அந்த மிஷன் இன்றும் தங்கியிருக்கிறது.

கிண்ணியா போன்ற இடங்களுக்கு மானிய முறையால் கிடைத்தது குறைவு. மிஷன் வராத ஊர், செல்வந்தர் சபை இல்லாத ஊர், மானியத்துக்கு விண்ணப்பிக்க ஆள் இல்லாத ஊர் ஆகியவற்றை அது எட்டவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாகி, 1945 அக்டோபரிலிருந்து இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதைவிடவும் கிராமத்தை நேரடியாகத் தொட்டது அவருடைய மத்திய கல்லூரித் திட்டம். கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த கல்லூரிகளின் தரத்தில், ஆய்வுகூடமும் விடுதியும் நூலகமும் கொண்ட ஒரு பாடசாலையைத் தேர்தல் தொகுதிதோறும் கிராமப்புறத்தில் எழுப்புவது அந்தத் திட்டம். அவர் 1947இல் பதவி நீங்குமுன் 54 மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டிருந்தன. மத்திய கல்லூரி என்ற சொல் இன்று வெறும் பெயராகிவிட்டாலும், நல்ல பாடசாலை பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும் அந்தத் திட்டத்தோடு பிறந்ததுதான். ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையை அருகிலுள்ள மத்திய கல்லூரிக்குள் கொண்டுவந்து, விடுதியில் இருத்தி, படிக்க வைப்பது நோக்கம். காலப்போக்கில் அதன் வேலை தலைகீழாகிவிட்டது. பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளை கிராமப் பாடசாலையை விட்டு நகரத்துப் பாடசாலைக்குப் போகிறது. கிராமத்து அதிபர் ஐந்து வருடம் பாடுபட்டு உருவாக்கிய மாணவர், ஆறாம் வருடம் அவருடைய இடாப்பில் இல்லை. அந்தப் பிள்ளையோடு அக்கறையுள்ள பெற்றோரும் போகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவர்களும் அவர்கள்தான். ஒரு சில வருடங்களில் விஞ்ஞானம் படிக்க ஆள் போதாது என்ற காரணம் காட்டி ஆசிரியரும் வேறிடம் மாற்றப்படுவார். ஆசிரியர் இல்லாததால் மாணவர் போகிறார், மாணவர் இல்லாததால் ஆசிரியர் போகிறார். இலங்கையின் நூற்றுக்கணக்கான கிராமப் பாடசாலைகள் இப்படித்தான் மெலிந்தன. இதைத் தனி ஊரின் குறையென்றோ பெற்றோரின் பேராசையென்றோ சொல்வது அநியாயம்.

1980களில் தேசிய பாடசாலை என்றொரு படி இதன்மேல் ஏறியது. 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து மாகாண சபைகள் அமைந்தபோது பாடசாலைகளில் பெரும்பகுதி மாகாணத்தின் கைக்குப் போயிற்று. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் நேரடிப் பொறுப்பில் நின்றன. கட்டடத்துக்கும் ஆளணிக்கும் மத்திய அமைச்சைக் கேட்கலாம் என்பதால் ஒவ்வோர் ஊரும் தன் பாடசாலையைத் தேசிய பாடசாலை ஆக்கும்படி அரசியல்வாதிகளை நெருக்கத் தொடங்கியது. அண்மைக் காலம்வரை இவற்றின் தொகை 400ஐ எட்டவில்லை. 2020க்குப் பின் ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய பாடசாலைகள் சில. ஆய்வுகூடமும் ஆசிரியரும் அந்தப் பலகையோடு கூடவே வந்துவிடுவதில்லை. "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று இதற்குச் சில வருடங்கள் முன்பு தொடங்கிய திட்டம் சரியான திசையைக் காட்டியது. நோக்கம் பழுதில்லை, கட்டடங்களுக்கு நிகராக ஆசிரியரை அனுப்புவதில் அதுவும் பின்தங்கியது.

ஆசிரியரைப் பாடசாலையே நியமித்தால் என்ன என்ற கேள்விக்கு வெளிநாட்டு அனுபவமொன்றை இங்கே ஒப்பிடலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1991இல் ஒரு சட்டம் இயற்றியது; அடுத்த வருடம் செயின்ட் பால் நகரில் முதல் சாட்டர் பாடசாலை திறக்கப்பட்டது. அரசு பணம் தருகிறது, கட்டணம் இல்லை, பரீட்சை வைத்துப் பொறுக்குவதில்லை, விண்ணப்பம் அதிகமானால் சீட்டுக் குலுக்கல். ஆசிரியரை நியமிப்பதும் நேர அட்டவணையை வகுப்பதும் செலவைத் தீர்மானிப்பதும் பாடசாலையின் சபை. அதற்கு ஈடாகக் குறித்த காலத்துக்குள் மாணவரின் கற்றலில் முன்னேற்றம் காட்டாவிட்டால் உரிமப் பத்திரம் பறிபோகும். சுவீடனில் 1992இலும், இங்கிலாந்தில் 2000க்குப் பிறகு அகடமி என்ற பெயரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பாடசாலைகள் தோன்றின. விளைவுகள் இடத்துக்கு இடம் வேறு. பின்தங்கிய நகரப்பகுதிப் பிள்ளைகளை உயர்த்திய பாடசாலைகளும் உண்டு. நடத்தத் தெரியாமல் இடைநடுவில் மூடி, பிள்ளைகளைத் தெருவில் விட்டவையும் உண்டு. விசேட தேவையுள்ள பிள்ளைகளை மெல்ல ஒதுக்கிவிடுகின்றன என்ற முறைப்பாடு அமெரிக்காவிலேயே நெடுநாளாக ஒலிக்கிறது.

இலங்கைக்கு அந்தச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்பவர்கள், இங்கே ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் நடந்த மானிய முறையை மறந்துவிடுகிறார்கள். நிறுவ ஆள் இருக்கும் ஊரில்தான் அப்படிப்பட்ட பாடசாலை எழும்பும். இருந்தாலும் சாட்டர் ஒப்பந்தத்தில் ஓர் அம்சம் கவனிக்கத் தக்கது: பாடசாலைக்குக் கொடுக்கப்படும் அதிகாரமும் அது தர வேண்டிய கணக்கும் ஒரே தாளில் எழுதப்படுகின்றன. இலங்கையில் 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் கொண்ட குழுக்களுக்குத் திட்டமிடும் பொறுப்பைக் கொடுத்தது. திட்டமிடலாம், நிதி திரட்டலாம், சுவருக்கு வர்ணம் அடிக்கலாம். இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் இன்னொருவரை நியமிக்க முடியாது. நியமனமும் இடமாற்றமும் மாகாணத்திலும் அமைச்சிலும் முடிவாகின்றன. பெறுபேறு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அதிபர். பழைய மாணவர் சங்கம் பலமாக உள்ள நகரப் பாடசாலை தொண்டர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து ஒரு தவணையை ஓட்டிவிடும். விவசாயக் கிராமத்துப் பாடசாலையால் அது ஆகாது. ஒரே சுற்றுநிருபம் இரண்டுக்கும் போகிறது. அதனால் பயன் பெறுவது ஒன்றே.

பிரிவுத் தேர்வில்தான் இதன் விலை தெரியும். சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் மூன்றில் திறமைச் சித்தியும் பெற்ற மாணவர் உயர்தரத்துக்குத் தகுதி பெறுகிறார். பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை என்பவற்றோடு 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவுகளும் சேர்ந்துள்ளன; 2017இலிருந்து 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற்பிரிவும் உண்டு. கையேட்டில் இத்தனை வாசல்கள். கிராமத்துப் பாடசாலையின் நேர அட்டவணையில் கலையும், அதிர்ஷ்டம் இருந்தால் வர்த்தகமும். கலைப்பிரிவு தாழ்ந்ததென்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழும் வரலாறும் இஸ்லாமிய நாகரிகமும் அரசறிவியலும் விரும்பிப் படிப்பவருக்கு அது நிறைவான கல்வி. விரும்பிப் படிப்பதும் வேறு வழியின்றிப் படிப்பதும் வெவ்வேறு. 2017இல் கிழக்கு மாகாண வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரம் கொட்டகை போட்டு அமர்ந்திருந்தபோது, அங்கே கலைப் பட்டதாரிகள் நிறைந்திருந்தனர். அவர்களுடைய பாதை பதினாறு வயதில், அருகில் எந்தப் பாடசாலையில் எந்த ஆசிரியர் இருந்தார் என்பதால் அமைந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் இன்னும் நீளமானது. நாடு முழுவதும் உயர்தர வகுப்புகளிலும் பல்கலைக்கழக அனுமதியிலும் பெண்களே கூடுதலாக இருக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் கடலுக்கும் கடைக்கும் வளைகுடாவுக்கும் முன்பே போய்விடுகிறார்கள். குறிஞ்சாக்கேணிப் பக்கத்துப் பாடசாலைகளில் தொடர்ந்து படிக்க ஆசைப்படும் பெண் பிள்ளையிடம், பஸ் நேரத்துக்கு வருமா, மாலை வகுப்பு முடிந்து இருட்டுமுன் வீடு சேர முடியுமா, கூடப் போக யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகள் முதலில் வருகின்றன. உயிரியலில் அவளுக்கு எவ்வளவு நாட்டம் என்பது அதற்குப் பிறகுதான். வாப்பா மறுக்கிறார் என்றால் அது பெரும்பாலும் படிப்புக்கு எதிரான மறுப்பல்ல, அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை 2021இல் இங்கே நடந்த படகு விபத்து காட்டிவிட்டது.

பல்கலைக்கழக அனுமதி முறை இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு கணக்கில் எடுக்கிறது. இசட் புள்ளிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் நாற்பது சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. ஐம்பத்தைந்து சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு. மீதி ஐந்து சதவீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அவற்றில் ஒன்று. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவரிடையே விதைத்த கசப்புக்குப் பிறகு பல திருத்தங்கள் கண்டு நிலைத்த முறை இது. கொழும்புப் பிள்ளைக்கும் கிழக்குப் பிள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டை அது சமன் செய்கிறது. மாவட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. திருகோணமலை நகரின் பழம்பெரும் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியரோடு படித்த பிள்ளையும், காக்காமுனையிலிருந்து இரண்டு வாகனம் மாறி வரும் பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறார்கள். மருத்துவ பீடத்துக்கான மாவட்ட இடம் விஞ்ஞானப் பிரிவில் அமராத பிள்ளைக்கு ஒருபோதும் உதவாது.

போகும் வழியைப் பொறுத்தவரை, கிண்ணியாவுக்குப் பாலங்களின் அருமை தெரியும். திருகோணமலைப் பக்கம் போக ஒரு காலத்தில் பாதைதான். கிழக்கிலங்கையில் நீரைக் கடத்திவிடும் மிதவைக்குப் பாதை என்றே பெயர். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அது நாட்டின் மிக நீண்ட பாலம். ஊரின் வியாபாரமும் வைத்தியமும் படிப்பும் அதோடு மாறின. குறிஞ்சாக்கேணியில் இருந்ததோ பழைய, ஒடுங்கிய பாலம். புதியது கட்டுவதற்காக 2021இல் அந்த இடத்தில் வேலை தொடங்கி, பழைய வழி மூடப்பட்டது. சுற்றிப் போகும் வீதி நெடுந்தூரம். கட்டுமான வேலைக்கு முன்பாகவே பாதுகாப்பான மாற்றுவழி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அமைக்கப்படவில்லை. மக்கள் ஒரு படகுப்பாதையில் கடந்தார்கள். கொரோனாவால் நெடுங்காலம் மூடிக்கிடந்த பாடசாலைகள் படிப்படியாகத் திறந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

2021 நவம்பர் 23 காலையில் அந்தப் படகுப்பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிடையேயும் பின்னர் உயிரிழப்பு ஏற்பட்டது. வெள்ளைச் சீருடையோடு புத்தகப்பை சுமந்து போன பிள்ளைகளை ஊரவரும் கடற்படையினரும் நீரிலிருந்து எடுத்தார்கள். கைதுகள் நடந்தன, விசாரணைகள் அறிவிக்கப்பட்டன, பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. பாலம் அதற்குப் பின்னும் வருடக்கணக்கில் முடியாமல் கிடந்தது. நாட்டின் பொருளாதாரம் 2022இல் சரிந்ததும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நெருக்கடியிலும் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்ற வரிசை இருக்கிறது. பிள்ளைகள் இறந்த இடத்துப் பாலம் அந்த வரிசையின் தலையில் இருந்திருக்க வேண்டியது.

அந்த விபத்தைப் போக்குவரத்துச் செய்தியாக மட்டும் படிப்பது போதாது. ஒரு கரையில் பிள்ளைகளும் மறுகரையில் பாடசாலையும் இருந்தால் யாரோ ஒருவர் தினமும் கடக்க வேண்டும். ஆசிரியர் கடக்கலாம், பிள்ளைகள் கடக்கலாம். பெரியவர் ஒருவர் கடந்தால் போதும் என்ற இடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கடக்க விடுவதுதான் இப்போதைய ஏற்பாடு. பாலம் அவசியம், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. நல்ல பாலம் வந்தபின் நகரத்துக்கு ஓடும் பிள்ளைகளின் தொகை கூடும் என்பதும் உண்மை. அப்போது அக்கரைப் பாடசாலைகளின் இடாப்பு இன்னும் மெலியும். பிள்ளை விரும்பி நகரப் பாடசாலையைத் தேர்ந்தால் நல்லது. தன் கோட்டத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஆள் இல்லாததால் ஓடினால், பாலம் அந்தக் குறையை மறைக்கவே உதவும்.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. குறிஞ்சாக்கேணிக் கோட்டத்தில் ஒரு பாடசாலையையாவது எல்லாப் பிரிவுகளும் உள்ள முழுமையான உயர்தரப் பாடசாலையாக உறுதியாகக் காக்க வேண்டும். அதன் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணித ஆசிரியர் பதவிகளை அந்தப் பாடசாலைக்கே உரியவையாக ஆக்கி, பதிலாள் வந்து பொறுப்பேற்கும்வரை இடமாற்றம் நடைமுறைக்கு வராது என்று விதிக்க வேண்டும். வகுப்பில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்பது முதல் மூன்று வருடங்களுக்கு மூடும் காரணமாகக் கூடாது. எட்டு இருபதாக வளர நேரம் வேண்டும். அதிபருக்கும் பெற்றோர் குழுவுக்கும் குறுகிய கால ஆசிரியரை அரச நிதியிலிருந்து அமர்த்தும் அதிகாரம் கொடுத்து, அதற்கான கணக்கையும் பெறுபேற்றையும் ஊர் முன்னிலையில் வைக்கச் சொல்லலாம். சாட்டர் பாடசாலைகளிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இவ்வளவே. பெண் பிள்ளைகளுக்கு விடுதியோ, மாலை வகுப்பு முடியும் நேரத்துக்குப் புறப்படும் பஸ்ஸோ ஏற்பாடு செய்வது பிரதேச மட்டத்திலேயே முடியக்கூடிய காரியம். கன்னங்கரா 1940களில், யுத்தகாலப் பற்றாக்குறைக்கு நடுவில், விடுதியோடு பாடசாலை கட்டினார்.

அடுத்த உயர்தர வகுப்பு தொடங்குமுன், கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் குறிஞ்சாக்கேணிக் கோட்டத்தின் உயர்தர ஆசிரியர் வெற்றிடங்களைப் பாடவாரியாக வெளியிட்டு, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்று பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.